பழகிய திரையே எளிய திரை

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களிலும், ஆவடி கடைவீதியிலும், பூந்தமல்லி பேருந்து நிலையத்தைச் சுற்றியும் ஒரே சாயலில் அமைந்த சிறு கடைகளைக் காணலாம். 'ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் சேவை' என்று பலகை தொங்கும். உள்ளே ஒரு நகலெடுக்கும் இயந்திரம், ஓர் அச்சுப்பொறி, பல ஆண்டுகள் உழைத்த கணினி ஒன்றிரண்டு. வாடகை ஒப்பந்தம், வேலைக்கான விண்ணப்பம், மாணவரின் செயல்திட்ட அறிக்கை, புதுமனை புகுவிழா அழைப்பிதழ் என அனைத்தும் அங்கேதான் உருப்பெறுகின்றன.

அந்தக் கணினியின் முன் அமர்ந்திருப்பவரின் கையைச் சற்று நேரம் கவனித்தால் ஒன்று விளங்கும். வாடிக்கையாளரிடம் பேசியபடியே அவர் கோப்பைத் திறக்கிறார், எழுத்துருவை மாற்றுகிறார், அச்சுக்கு அனுப்புகிறார். எந்தப் படவுரு திரையின் எந்த மூலையில் இருக்கிறது என்று அவர் தேடுவதில்லை. அது கைக்குத் தெரிந்திருக்கிறது. பல ஆண்டுகளில் சேர்ந்த இந்தத் தேர்ச்சிக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் மதிப்பு எழுதப்படுவதில்லை. ஆனால், அந்தக் கடையின் வருவாய் அதன் மீதுதான் நிற்கிறது.

அந்தத் தேர்ச்சிக்கு இப்போது ஒரு சோதனை வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அதன் பிறகும் கணினிகள் இயங்கும்; ஆனால், நீட்டிப்புத் திட்டத்தில் சேராதவர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வாரா. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலியும் தேவை. நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் பழைய கணினிகள் பலவற்றில் அவை இல்லை. ஆகவே, புதிய கணினி வாங்குவது, ஆபத்தை ஏற்றுப் பழையதையே தொடர்வது, லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளத்துக்கு மாறுவது என மூன்று வழிகளே சிறு கடைக்காரர் முன் இருக்கின்றன.

மேலோட்டமாகப் பார்த்தால் இது பணக் கணக்கு. ஆனால், கடைக்காரர்களிடம் பேசினால் முதலில் வரும் கேள்வி விலையைப் பற்றியதாக இருப்பதில்லை. 'புதிய திரை கைக்குப் பழகுமா?' என்பதே அவர்களது கவலை. இந்தக் கவலையை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. கணினியில் 'எளிமை' என்று எதைச் சொல்கிறோம் என்ற அடிப்படைக் கேள்வி அதற்குள் இருக்கிறது.

கணினியைத் திறந்ததும் தென்படும் முகப்புத் திரை, படவுருக்கள், பணிப்பட்டை, பட்டியல்கள், சாளரங்கள் ஆகியவற்றின் தொகுப்பையே 'டெஸ்க்டாப்' என்கிறோம். இதன் பிறப்பிடம், நம் கடைப் பலகைகளில் நகலெடுப்பதற்கான பொதுப்பெயராகிவிட்ட அதே ஜெராக்ஸ் நிறுவனம்தான். கலிஃபோர்னியாவில் பாலோ ஆல்ட்டோ நகரிலிருந்த அதன் ஆய்வு மையத்தில் 1973-இல் உருவான 'ஆல்ட்டோ' கணினியில் சாளரங்களும், சுட்டி எனப்படும் மவுஸும் இணைந்தன. 1981-இல் அந்நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஸ்டார்' கணினியில், அலுவலக மேசையின் மேற்பரப்பே திரையாக வரையப்பட்டது. காகிதம், கோப்புறை, அஞ்சல் தட்டு ஆகியவை சிறு படங்களாயின. 1984-இல் ஆப்பிளின் மெக்கின்டோஷ் இந்தக் கருத்தைப் பரவலாக்கியது. 1995 ஆகஸ்டில் வெளிவந்த விண்டோஸ் 95, திரையின் அடியில் பணிப்பட்டையையும் இடது மூலையில் 'ஸ்டார்ட்' பொத்தானையும் நிறுவியது. நம்மில் பெரும்பாலோர் கணினி என்று நினைவில் வைத்திருப்பது அந்தத் திரையைத்தான்.

இந்த மேசை நம்முடையது அன்று. அது அமெரிக்க அலுவலகத்தின் மேசை. கல்லாப்பெட்டியும், கம்பியில் குத்திய ரசீதுகளும், சுவரில் தொங்கும் நாட்காட்டியின் பின்புறத்தில் எழுதிய கணக்குகளுமாக நடந்த நம் ஊர் வணிகத்துக்கு அது இயல்பாகப் பொருந்தியதாகச் சொல்ல முடியாது. மேசை இல்லாத வீட்டுப் பிள்ளைகள் மேசையையே திரையில்தான் முதலில் கண்டார்கள். இருந்தும் அதைக் கற்றுக்கொண்டோம். பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் புரிந்துவிடும் திரை என்று ஒன்று இல்லை. எளிமை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, எப்போதோ கற்று, கற்றதை மறந்து, கையில் தங்கிவிட்ட பழக்கம்தான்.

எளிமையில் இரண்டு வகை உண்டு. புதிதாக வருபவர் விரைவில் கற்றுக்கொள்ள ஏதுவானது ஒன்று. தேர்ந்தவர் விரைவாக வேலை முடிக்க ஏதுவானது மற்றொன்று. இவ்விரண்டும் பல நேரங்களில் எதிரெதிராக நிற்பவை. பெரிய படவுருக்களும் விளக்கங்களும் நிறைந்த திரை புதியவருக்கு உதவும். நாளொன்றுக்கு நூறு பக்கங்களைக் கையாளும் தட்டச்சருக்கு அதுவே இடையூறு. ஆகவே, 'எது எளிது?' என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. 'யாருக்கு, எந்த வேலைக்கு எளிது?' என்றே கேட்க வேண்டும்.

இதற்கு நம் கையருகே உள்ள சான்று தமிழ் விசைப்பலகை. தட்டச்சுப் பயிலகங்களில் பயின்று அரசுத் தேர்வில் தேறியவர்கள் பழைய தட்டச்சுப்பொறியின் விசையமைப்பைக் கணினிக்கும் கொண்டுவந்தார்கள். 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் மாநாட்டை அடுத்து 'தமிழ்99' விசைப்பலகையைத் தமிழக அரசு தரப்படுத்தியது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் பெரும்பாலான மெய்கள் வலக்கைப் பக்கமும் அமைந்த அந்தப் பலகை, தமிழின் இயல்பை அறிந்து வடிவமைக்கப்பட்டது. மகரத்தை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே வந்துவிடும். 'அம்மா' என்று எழுத நான்கு விசைகள் போதும். ஆங்கில எழுத்துகளின் ஒலியைக் கொண்டு தமிழை உள்ளிடும் முறை, இணையத்தின் வழியாகவும் கைப்பேசியின் வழியாகவும் வந்த மூன்றாம் தலைமுறைக்கு உரியது.

தமிழ்99 அறிவியல் முறைப்படி சிறந்தது என்பதில் ஐயமில்லை. எனினும், இருபது ஆண்டுகள் தட்டச்சு முறையில் பழகி, விசையைப் பாராமல் தட்டும் ஒருவருக்கு அது எளிதாக இராது. அவரைக் கட்டாயப்படுத்தினால் சில மாதங்களுக்கு அவரது வேகம் குலையும், கூலியும் குறையும். நல்வாய்ப்பாக, இந்த மூன்று முறைகளையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ளும் வசதி இன்று இருக்கிறது. எந்த முறையில் தட்டினாலும், ஒருங்குறியில் சேமித்தால் கிடைக்கும் எழுத்து ஒன்றே. ஒருங்குறித் தமிழைத் தமிழக அரசு 2010-இல் முறைப்படி ஏற்றுக்கொண்டது. சேமிப்பில் பொதுமை, உள்ளீட்டில் விருப்பம் என்ற இந்த ஏற்பாட்டில் ஒருவரது பழக்கம் மற்றவருக்குச் சுமையாவதில்லை. திரைச்சூழல் பற்றிய விவாதம் முழுவதற்கும் இதுவே நல்ல அளவுகோல் என்று தோன்றுகிறது.

இதற்கு மாறான நிலையும் நம் கடைகளிலேயே உள்ளது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து சேமித்த ஆவணங்கள் ஏராளம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழ் மறைந்து பொருளற்ற குறிகள் தோன்றும். இத்தகைய கடைக்காரர் வேறு இயங்குதளத்துக்கு மாறத் தயங்குவதற்குத் திரை மட்டும் காரணம் அன்று. அவரது பல்லாண்டு உழைப்பு ஒரு குறிப்பிட்ட மென்பொருளுக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. தரவு விடுதலை பெறாமல் விருப்பம் விடுதலை பெறாது.

பழக்கத்தின் வலிமையைப் பெரு நிறுவனங்களும் பட்டே அறிந்தன. 2012 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 8, தொடுதிரைக் காலத்தை எண்ணி 'ஸ்டார்ட்' பொத்தானையே நீக்கியது. எதிர்ப்பு எழுந்தது. அடுத்த ஆண்டே பொத்தான் திரும்பியது. 2015-இல் விண்டோஸ் 10 பழைய பட்டியலையும் மீட்டுத் தந்தது. 2021 அக்டோபரில் வெளிவந்தபோது விண்டோஸ் 11, பணிப்பட்டையைத் திரையின் மேலோ பக்கவாட்டிலோ நகர்த்தும் வசதியை எடுத்துவிட்டது. விருப்பத்துக்கு விலை வைத்த கதையும் உண்டு: விண்டோஸ் 7-இன் 'ஸ்டார்ட்டர்' என்ற மலிவுப் பதிப்பில், முகப்புத் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது.

கட்டற்ற மென்பொருள் உலகமும் இதற்கு விலக்கன்று. லினக்ஸ் பயனர்களிடையே பெரிதும் வழங்கிய க்னோம் திரைச்சூழல், 2011 ஏப்ரலில் மூன்றாம் பதிப்பில் தன் தோற்றத்தை அடியோடு மாற்றியது. லினக்ஸின் கருவை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸே அதைக் கடுமையாகக் குறைகூறி, எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறொரு சூழலுக்குச் சிலகாலம் மாறினார். ஆனால், இங்கே ஒரு வேறுபாடு உண்டு. விண்டோஸ் பயனர்கள் நிறுவனம் மனம் மாறும்வரை காத்திருந்தார்கள். க்னோம் பயனர்களில் சிலரோ, மூலநிரல் திறந்திருந்ததால், பழைய வடிவத்தை 'மேட்' என்ற பெயரில் தொடர்ந்து பேணினார்கள். லினக்ஸ் மின்ட் குழுவினர் 'சினமன்' என்ற புதிய சூழலைப் பழகிய சாயலில் உருவாக்கினார்கள். தம் பழக்கத்தைக் காக்கும் வழி பயனர்களின் கையிலேயே இருந்தது.

வழி இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கான சான்று இதே வட்டாரத்தில் இருக்கிறது. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கி வைக்கப்பட்டது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. அம்பத்தூரும் அன்று அம்மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் 'பாஸ் லினக்ஸ்' இயங்குதளமும் நிறுவப்பட்டிருந்தது. பாஸ் லினக்ஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு இடம் தந்தது. கணினியைத் திறக்கும்போதே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

தேர்வு வழங்கப்பட்டது, பழக்கம் வழங்கப்படவில்லை. கணினி மையத்திலும் அண்டை வீட்டிலும் பார்த்த திரையையே மாணவர்கள் நாடினார்கள். மற்றதைத் திறந்தே பாராதவர்கள் பலர். இடம் மிச்சம் என்று அதை நீக்கிவிட்டவர்களும் உண்டு. இதில் மாணவர்களைக் குறைகூற ஒன்றுமில்லை. ஐயம் ஏற்பட்டால் கேட்க ஆளில்லாத திரையை யார் விரும்புவார்?

அண்டை மாநிலமான கேரளத்தில் நடந்தது வேறு. அங்கே பள்ளிக் கணினிக் கல்வி 2000-களிலேயே கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. பாடநூல் அதே மென்பொருளைக் கொண்டு எழுதப்பட்டது. செய்முறைத் தேர்வும் அதிலேயே நடந்தது. அங்குள்ள மாணவர்களுக்கு லினக்ஸ் திரை ஒரு சோதனை முயற்சியாகத் தெரியவில்லை. பள்ளியில் இருந்த கணினியே அதுதான். எளிமை அங்கே வகுப்பறையில் உண்டாக்கப்பட்டது. இரு மாநில மாணவர்களின் திறனில் வேறுபாடு இல்லை. திரையைச் சுற்றி எழுப்பப்பட்ட ஆதரவில்தான் வேறுபாடு.

எல்லாமே பழக்கம் என்று சொல்லிவிடவும் கூடாது. அளந்து காட்டக்கூடிய எளிமையும் உண்டு. ஓர் இலக்கைச் சென்றடைய ஆகும் நேரம் அதன் தொலைவையும் அளவையும் பொறுத்தது என்பதை அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இல் நிறுவினார். திரையின் விளிம்பிலும் மூலையிலும் உள்ள பொத்தானைத் தொடுவது எளிது. சுட்டியை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அது விளிம்பைத் தாண்டாது. சிறிய பொத்தான், மங்கிய நிறம், நுண்ணிய எழுத்து ஆகியவை முதியவருக்கும் பார்வை குறைந்தவருக்கும் தடைகள். அவர்களுக்குப் பெரிய எழுத்து என்பது விருப்பம் அன்று, தேவை. தமிழுக்கும் தனித் தேவை உண்டு. மேல்விலங்கும் கீழ்விலங்கும் கொண்ட நம் எழுத்துக்கு, ஆங்கிலத்தைக் கருதி வரைந்த பட்டியல்களில் உயரம் போதாமல் போவதுண்டு. 'கி'யின் கொக்கியும் 'கூ'வின் சுழியும் வெட்டுப்பட்டால், தமிழ் இடைமுகம் இருந்தும் பயனர் ஆங்கிலத்துக்கே திரும்பிவிடுவார்.

'ஒவ்வொருவர் விருப்பத்துக்கும் ஒரு திரை என்றால் அலுவலகம் நடத்த முடியுமா?' என்ற எதிர்வாதம் நியாயமானது. ஐம்பது கணினிகளைப் பராமரிப்பவருக்கு ஐம்பது வகைத் திரைகள் தலைவலியே. பள்ளி, வங்கி, அரசு அலுவலகம் ஆகியவற்றில் இயங்குதளமும் மென்பொருள்களும் பொதுவாக இருப்பதே முறை. ஆனால், எழுத்தின் அளவு, நிறம், பணிப்பட்டையின் இடம், விசைப்பலகை முறை, இடைமுக மொழி ஆகியவற்றை ஊழியரிடம் விட்டுவிடுவதால் எந்தப் பராமரிப்பும் கெடாது. பொதுமையை அடித்தளத்திலும் விருப்பத்தை மேல்தளத்திலும் வைப்பதே தீர்வு.

பெரிய மாற்றங்களிலும் பழக்கத்துக்கு மதிப்பளிக்கலாம். பாதுகாப்பு அமைச்சகம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட 'மாயா' என்ற இயங்குதளத்துக்கு மாறவிருப்பதாக 2023 ஆகஸ்டில் செய்திகள் வெளியாயின. அதன் தோற்றமும் செயல்பாடும் விண்டோஸை ஒத்திருக்கும் என்பது அச்செய்திகளில் குறிப்பிடத்தக்க அம்சம். கனரக வாகனத் தொழிற்சாலையும் போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனமும் அமைந்த ஆவடியில் வாழ்வோருக்குப் பாதுகாப்புத் துறையின் கண்டிப்பு நன்கு தெரியும். கட்டளைக்குப் பணியும் துறையிலேயே, திரை பழகியதாக இருக்க வேண்டும் என்று கருதப்பட்டது சிந்திக்கத்தக்கது.

சிறு கடைக்காரரும் குறுந்தொழில் முனைவோரும் இப்போது என்ன செய்யலாம்? முதலில் தரவைக் காக்க வேண்டும். பழைய எழுத்துருக்களில் உள்ள முக்கிய ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றித் தனியே நகலெடுத்து வைப்பது, எந்த முடிவை எடுத்தாலும் பயன் தரும். அடுத்து, வாங்குவதற்கு முன் துணியைத் தொட்டுப் பார்ப்பதுபோல, புதிய திரையைத் தொட்டுப் பார்க்கலாம். பெரும்பாலான லினக்ஸ் வகைகளைக் கணினியில் நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்க முடியும். விண்டோஸ் 7 காலத்துக் கைக்குச் சினமன் அந்நியமாகத் தோன்றாது. நினைவகம் குறைந்த பழைய கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ ஏற்றது. ஒவ்வொன்றையும் தம் வசதிக்கேற்ப மாற்ற விரும்புவோருக்குக் கே.டி.இ. பிளாஸ்மா உண்டு. திரை வெறுமையாக இருந்தால் போதும் என்போர் க்னோமைப் பார்க்கலாம்.

அழகை மட்டும் பார்த்து முடிவெடுத்தல் கூடாது. தம் அச்சுப்பொறி இயங்குகிறதா, வருடி இயங்குகிறதா, பழகிய தமிழ் விசைப்பலகை கிடைக்கிறதா, மின்னொப்பச் சாதனத்தைக் கணினி ஏற்கிறதா என்று சோதிக்க வேண்டும். கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்குமானால், அதற்கென ஒரு புதிய கணினியை வைத்துக்கொண்டு மற்றவற்றை மாற்றுவது அறிவுடைமை. முதல் நாள் எரிச்சலைக் கொண்டு எந்தத் திரையையும் எடைபோடாமல், இரண்டு வாரங்களாவது கைக்கு அவகாசம் தர வேண்டும். அதன் பின்னும் ஒவ்வாவிட்டால் திரும்பிவிடுவதில் இழிவில்லை.

அரசும் கல்வி நிலையங்களும் செய்ய வேண்டியது இன்னும் அதிகம். அரசுப் பள்ளி ஆய்வகங்களிலும், அம்பத்தூர் அரசு தொழிற்பயிற்சி நிலையம் போன்ற இடங்களிலும், எந்தப் பொத்தான் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மனப்பாடம் செய்விப்பதற்கு மாறாக, கோப்பு என்றால் என்ன, அது எங்கே சேமிக்கப்படுகிறது, அதை வேறு கணினிக்குக் கொண்டுசெல்வது எப்படி என்பதைக் கற்பிக்க வேண்டும். இரண்டு வேறுபட்ட திரைகளில் ஒரே வேலையைச் செய்யப் பழகிய மாணவர், மூன்றாவது திரையைக் கண்டு அஞ்சமாட்டார். அரசு இனி வழங்கும் கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருக்குமானால், இரண்டுக்கும் ஆசிரியர் பயிற்சியும், தமிழில் கையேடும், ஐயம் கேட்க ஓர் இடமும் இருக்க வேண்டும்.

பூந்தமல்லிக் கடையில் தட்டச்சு செய்யும் அந்தக் கைக்கு இருபது ஆண்டு அனுபவம் இருக்கலாம். இயங்குதளத்தின் ஆயுளை ஒரு நிறுவனம் அறிவிக்கும் தேதி தீர்மானிக்கிறது. கையின் தேர்ச்சிக்கு அப்படி ஒரு தேதியை எவரும் குறித்துவிட முடியாது. எந்தத் திரை வந்தாலும், அந்தக் கை தன் வேலையை இழக்காமல் தொடர முடிகிறதா என்பதையே எளிமைக்கான முதல் தேர்வாக நாம் வைக்க வேண்டும்.